மலைக்கு நாடி பார்க்கிறார்கள்!

பூமி ஆடுவதற்கு முன்னால் 30 விநாடி அவகாசம் கிடைத்தால், ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

சமையல் செய்துகொண்டிருக்கும் தாய், அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "எல்லோரும் மேஜைக்கு அடியில் போங்கள்!" என்று குரல் கொடுக்கலாம். ரெயில் டிரைவர் பிரேக்கைப் பிடிக்கலாம். ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும் டாக்டர், கையில் உள்ள கத்தியை அப்பால் எடுத்துவிடலாம்.

30 விநாடி சின்ன நேரம்தான். ஆனால், பலர் உயிர் தப்ப அது போதும்!

அந்தச் சில விநாடிகளைச் சம்பாதிப்பதற்காகத்தான் இமயமலைச் சாரலில் விஞ்ஞானிகள் கருவிகளைப் பதித்து வருகிறார்கள். ரிஷிகேசம், பத்ரிநாத், கேதார்நாத் என்று நம் ஊர் யாத்திரிகர்கள் போய் வருகிறார்களே, அதே உத்தராகண்ட் மாநிலத்தில்தான் இந்த வேலை நடக்கிறது. ரூர்க்கியில் உள்ள ஐ.ஐ.டி. கல்லூரி இதை முன்னின்று செய்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகள் மலைப் பகுதிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இவற்றின் எச்சரிக்கையை மக்களின் செல்போனுக்கே கொண்டுபோகும் ஏற்பாடும் தொடங்கியது. இந்தியாவில் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

இந்தக் கருவிகள் என்ன செய்கின்றன? இவற்றால் யாருக்குப் பயன்? யாருக்குப் பயன் இல்லை? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் தேடும்முன், மற்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

ஜோசியம் அல்ல!

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட வேண்டும்.

"நாளைக்கு இத்தனை மணிக்குப் பூகம்பம் வரும்" என்று சொல்லக்கூடிய கருவி உலகத்தில் எந்த நாட்டிலும் இல்லை. ஜப்பானிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. "இன்று இரவு பூகம்பம் வரப்போகிறது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால், அது வதந்தி. நம்ப வேண்டியதில்லை.

சீனாவில் நடந்த இரண்டு சம்பவங்களே இதற்குச் சாட்சி. 1975-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி ஹைசெங் என்ற ஊரில் பெரிய பூகம்பம் வந்தது. அதற்கு முன்னால் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்ததால், மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஏராளமான உயிர்கள் தப்பின. "பூகம்பத்தை ஜெயித்துவிட்டோம்!" என்ற நம்பிக்கை பிறந்தது.

மறு வருஷமே அந்த நம்பிக்கை தகர்ந்தது. 1976-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி அதிகாலையில், டாங்ஷான் நகரம் தரைமட்டமாகியது. அங்கே எந்த எச்சரிக்கையும் கொடுக்க முடியவில்லை. 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள்.

ஆகவே, இமயமலையில் வைக்கும் கருவிகள் ஜோசியம் சொல்வதில்லை. பூகம்பம் புறப்பட்ட பிறகுதான் அவை பேசும். அப்படியானால், எச்சரிக்கை எப்படிக் கிடைக்கிறது?

மின்னலும் இடியும்

மழைக்காலத்தில் முதலில் மின்னல் தெரிகிறது. பிறகுதான் இடி கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் பிறக்கின்றன. ஒளி வேகமாக வருகிறது. ஓசை மெதுவாக வருகிறது. அவ்வளவுதான்.

பூகம்பமும் அப்படித்தான். பூமிக்கு அடியில் பாறை முறிந்தவுடன் இரண்டு விதமான அலைகள் கிளம்புகின்றன.

ஒன்று, முதல் அலை. நின்றுகொண்டிருக்கும் ரெயில் பெட்டிகளை எஞ்சின் வந்து இடித்தால், அந்த இடி ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து கடைசிப் பெட்டிவரை போகிறதல்லவா? முதல் அலை அதுபோலத் தள்ளிக்கொண்டு ஓடும். விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோ மீட்டர் வேகம். ஆனால், இதனால் பெரும்பாலும் சேதம் குறைவு.

இன்னொன்று, இரண்டாம் அலை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால், அது நெளிந்து நெளிந்து போகும். இந்த அலையும் அப்படித் தரையைக் குலுக்கிக்கொண்டு வரும். விநாடிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ மீட்டர் வேகம்தான். ஆனால், சுவரைச் சாய்ப்பதும் கூரையைத் தள்ளுவதும் பெரும்பாலும் இதுவும் இதற்குப் பின்னால் தரைமேல் வரும் அலைகளும்தான்.

முதல் அலை மலையில் உள்ள கருவியைத் தொட்டவுடன், கருவி செய்தி அனுப்புகிறது. செய்தி கம்பியிலும் காற்றிலும் மின்சார வேகத்தில் பறக்கிறது. பூமியின் அலை தரைக்குள்ளே நடந்து வருவதற்குள், செய்தி நகரத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்த இரண்டு அலைகளின் இடைவெளியைக் கொண்டு இன்னொரு கணக்கும் போடலாம். ஒரு நிலையத்தில் முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் 10 விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். அதை எட்டால் பெருக்கினால் 80. பூகம்பம் பிறந்த இடம் சுமார் 80 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால், எந்தத் திசையில்? அதை ஒரு நிலையம் மட்டும் வைத்துக்கொண்டு சரியாகச் சொல்வது கஷ்டம். தேசப்படத்தில் அந்த நிலையத்தைச் சுற்றி 80 கிலோ மீட்டருக்கு ஒரு வட்டம் போட வேண்டும். இரண்டாவது நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம். மூன்றாவதைச் சுற்றி ஒரு வட்டம். மூன்று வட்டங்களும் எங்கே சந்திக்கின்றனவோ, அங்கேதான் பூகம்பம் பிறந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை தன் ஜியோமெட்ரி பெட்டியை வைத்தே போடக்கூடிய கணக்கு இது.

ஆகவேதான், ஒரு நிலையம் போதாது. பல நிலையங்கள் வேண்டும்.

ஏன் இமயமலை?

இந்தியா இருக்கும் நிலத்தட்டு, வடக்கே ஆசியாவை இடைவிடாமல் நெருக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கடியில் எழுந்ததுதான் இமயமலை. நெருக்கடி இன்னும் நிற்கவில்லை. இமயமலை அடிவாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அளவுக்கு நிலம் நெருங்குகிறது. நூறு ஆண்டுக்கு 2 மீட்டர்! பாறை வழிவிடாமல் இறுகி நிற்கும் இடங்களில் அந்த நெருக்கம் வில்லை வளைப்பதுபோலச் சேர்ந்துகொண்டே போகிறது. ஒருநாள் வில் விடுபடுகிறது. அதுவே பூகம்பம்.

1905-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி, மேற்கே காங்ராவில் அப்படி நடந்தது. சுமார் 20 ஆயிரம் பேர் இறந்தார்கள். 1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, கிழக்கே பீகாரிலும் நேபாளத்திலும் நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உத்தராகண்ட் மலைப் பகுதி. அங்கே 1803-ம் ஆண்டு பெரிய பூகம்பம் வந்தது. அதற்குப் பிறகு 1991-ல் உத்தரகாசியிலும், 1999-ல் சமோலியிலும் பூகம்பங்கள் வந்தன. உத்தரகாசியில் 750-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனாலும், சேர்ந்திருக்கும் நெருக்கடியைத் தீர்க்கும் அளவுக்கு அவை பெரியவை அல்ல என்பது விஞ்ஞானிகள் கருத்து. என்று வரும் என்பது யாருக்கும் தெரியாது. வரும் என்பதில் சந்தேகம் இல்லை.

இடம் பார்ப்பதே பாதி வேலை

வீடு கட்டுவதற்கு இடம் பார்ப்பதைவிட, இந்தக் கருவிக்கு இடம் பார்ப்பது கஷ்டம்!

கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மிக மெல்லிய காது உடையது. தரை ஒரு தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அசைந்தாலும் இதற்குத் தெரிந்துவிடும். ஆனால், பக்கத்திலேயே பெரிய பூகம்பம் வந்தால் திணறிப்போகும். இன்னொன்று, முரட்டுக் கருவி. மெல்லிய அசைவு இதற்குத் தெரியாது. பெரிய குலுக்கலை மட்டும் சரியாக அளக்கும். எச்சரிக்கைக்கு உதவுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஒரு கட்டிடத்தின் தரைத் தளத்தில்கூட இதை வைத்துவிடலாம்.

மெல்லிய காதுக் கருவிக்குத்தான் உபசாரம் அதிகம். முதலில் பாறை வேண்டும். பாறை என்றால், தனியாகக் கிடக்கும் குண்டுக்கல் அல்ல. மலையோடு ஒட்டிய தாய்ப்பாறை. மண்மேல் வைத்தால், மண் தானாகவே குலுங்கிப் பொய்க் கணக்குக் காட்டும்.

பிறகு, அமைதி வேண்டும். லாரி ஓடும் சாலை பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆறு இரைந்து ஓடக்கூடாது. மாவு மில் கூடாது. பெரிய மரம்கூடக் கூடாது. காற்றில் மரம் ஆடினால் வேர் ஆடும். வேர் ஆடினால் தரை ஆடும். கருவி அதையும் எழுதிவிடும்!

மனிதன் எவ்வளவு சத்தம் போடுகிறான் என்பது 2020-ம் ஆண்டு தெரிந்தது. கொரோனா ஊரடங்கின்போது பஸ் இல்லை, ஆலை இல்லை, கூட்டம் இல்லை. உலகத்தின் பல பகுதிகளில் மனிதனால் உண்டாகும் தரை அதிர்வு பாதியாகக் குறைந்துவிட்டதைக் கருவிகள் காட்டின.

இதிலே ஒரு சிக்கல். அமைதியான இடத்தில் சாலை இருக்காது, மின்சாரம் இருக்காது, செல்போன் எட்டாது. சாலையும் மின்சாரமும் இருக்கும் இடத்தில் அமைதி இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள், குழுவினருக்குக் கால் தேய்ந்துவிடும்.

குழி, மேடை, ரசமட்டம்

இடம் கிடைத்ததும் குழி வெட்டுகிறார்கள். பாறை தெரியும்வரை தோண்டி, அதன்மேல் சின்னதாக ஒரு கான்கிரீட் மேடை போடுகிறார்கள். சுற்றிச் சுவர் எழுப்பினால், அந்தச் சுவர் மேடையைத் தொடக்கூடாது. சுவரில் காற்று மோதினால் மேடையும் ஆடிவிடுமே!

மேடை உலர்ந்த பிறகு கருவியை வைக்கிறார்கள். கொத்தனார் ரசமட்டம் பார்ப்பதுபோல, கருவியின் தலையில் உள்ள நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை கால்களைத் திருகுகிறார்கள். திசைகாட்டியை வைத்து வடக்குப் பார்க்கிறார்கள். திசைகாட்டியின் முள் காட்டும் வடக்கு வேறு, பூமியின் உண்மையான வடக்கு வேறு. அந்த வித்தியாசத்தையும் கணக்கிட்டுத் திருத்துகிறார்கள்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? கருவி மூன்று அசைவுகளைத் தனித்தனியே அளக்கிறது: மேலும் கீழும், வடக்கும் தெற்கும், கிழக்கும் மேற்கும். திசை தவறினால் மூன்றும் கலந்துவிடும்.

வெயிலும் குளிரும் கருவியைப் பாதிக்கும். ஆகவே, தெர்மோகோல் பெட்டியால் மூடுகிறார்கள். வெளியே சோலார் தகடு, உள்ளே பேட்டரி. உச்சியில் செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் சின்ன ஏரியல். நேரம் மிக முக்கியம். கடிகாரம் ஒரு விநாடி தவறினால், பூகம்பம் பிறந்த இடம் பல கிலோ மீட்டர் தள்ளிப்போய்விடும்!

எல்லாம் முடிந்ததும் பரீட்சை. ஒருவர் சற்றுத் தள்ளி நின்று தரையை ஓங்கி மிதிப்பார். திரையில் கோடு துள்ள வேண்டும். துள்ளினால், நிலையம் உயிர்பெற்றுவிட்டது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து இரவு பகல் ஓய்வில்லை. ஒவ்வொரு திசைக்கும் விநாடிக்கு 100 தடவை அளக்கும் கருவி, ஒரே நாளில் 2 கோடியே 59 லட்சத்து 20 ஆயிரம் எண்களை எழுதிவிடுகிறது!

எலியும் பனியும்

நிலையத்தைத் திறப்பது ஒருநாள் வேலை. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

எலி ஒயரைக் கடித்துவிடும். மாடு வேலியில் முதுகைச் சொறியும். குளிர்காலத்தில் பனி சோலார் தகட்டை மூடிவிடும்; குளிரில் பேட்டரியின் பலமும் குறையும். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் இறங்கும். மலைச்சரிவால் பாதை அடைபடும். இடி விழுந்தால் கருவியே கருகிப்போகும். சில இடங்களில் பேட்டரியைத் திருடிக்கொண்டும் போவார்கள்.

நகரத்தில் உள்ள விஞ்ஞானி ஒவ்வொரு தடவையும் ஓடிவர முடியுமா? முடியாது. பனியைத் தட்டிவிடுவது யார்? வேலியைக் கட்டுவது யார்? "விளக்கு எரியவில்லை" என்று போன் செய்வது யார்? பக்கத்துக் கிராமத்தில் உள்ள ஒருவர்தான். ஒரு வாத்தியாரோ, காவல்காரரோ, நிலத்தின் சொந்தக்காரரோ அந்த வேலையைச் செய்தால்தான் நிலையம் பிழைக்கும்.

மெக்சிகோ கண்ட பாடம்

நிலையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எச்சரிக்கை பலிக்கும். இதற்கு மெக்சிகோ நாடு நல்ல உதாரணம்.

1985-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி, பசிபிக் கடற்கரையில் பிறந்த ஒரு பூகம்பம், முந்நூறு கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள மெக்சிகோ தலைநகரை நொறுக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பழைய ஏரிப் படுகைமேல் கட்டப்பட்ட நகரம் அது. மெத்தென்ற மண் அதிர்வைப் பெரிதாக்கிவிட்டது.

மெக்சிகோ பாடம் கற்றது. கடற்கரை நெடுகக் கருவிகளை நட்டது. 1991-ல் எச்சரிக்கை தொடங்கியது. கடற்கரையில் பூகம்பம் பிறந்தால், தலைநகரில் சங்கு ஊதும். 2017-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, தெற்குக் கடலில் மாபெரும் பூகம்பம் வந்தபோது, தலைநகர மக்களுக்கு ஒரு நிமிஷத்துக்கும் மேல் அவகாசம் கிடைத்தது.

ஆனால், 12 நாள் கழித்து, செப்டம்பர் 19-ந் தேதி, வேறொரு பூகம்பம் வந்தது. அது கடற்கரையில் பிறக்கவில்லை. தலைநகரிலிருந்து சுமார் 120 கிலோ மீட்டர் தூரத்தில், நிலத்துக்கு அடியில் பிறந்தது. சங்கு ஊதும்போதே நகரம் ஆட ஆரம்பித்துவிட்டது. 350-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1985-ன் நினைவு நாளில் நடக்கும் வழக்கமான ஒத்திகை முடிந்து, இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது!

ஜப்பானிலோ கருவிகள் நெருக்கமாக இருக்கின்றன. 2007 முதல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வருகிறது. 2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி பெரும் பூகம்பம் வந்தபோது, ரெயில்வேயின் கருவிகளே தண்டவாள மின்சாரத்தை நிறுத்திவிட்டன. பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்த புல்லட் ரெயில் ஒன்றுகூடத் தடம் புரளவில்லை!

விளக்கின் அடியில் இருட்டு

இப்போது அந்த முக்கியமான கேள்விக்கு வரலாம். இந்தச் சங்கு யாருக்காக ஊதுகிறது?

சமோலி மலைப் பக்கம் பெரிய பூகம்பம் பிறப்பதாக வைத்துக்கொள்ளலாம். கருவிகள் உணர்ந்து, கணிப்பொறி கணக்கிட்டு, எச்சரிக்கை போவதற்கு 15 விநாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

டெல்லி சுமார் 280 கிலோ மீட்டர் தூரம். சேதம் செய்யும் அலை அங்கே போய்ச்சேர 80 விநாடி ஆகும். டெல்லிக்கு ஒரு நிமிஷத்துக்கும் மேல் அவகாசம் உண்டு.

டேராடூன் சுமார் 120 கிலோ மீட்டர். அங்கே கிடைப்பது ஏறத்தாழ 20 விநாடி.

மலையில், 20 கிலோ மீட்டருக்குள் இருக்கும் கிராமத்துக்கு? அலை 6 விநாடியில் வந்துவிடும். எச்சரிக்கை வரும்போது, வீடு விழுந்து முடிந்திருக்கும்!

விளக்கின் அடியில் இருட்டு என்பார்கள். தன் நிலத்தில் கருவிக்கு இடம் கொடுத்தவர், பனி தட்டியவர், எலியை விரட்டியவர், அவருக்கே எச்சரிக்கை இல்லை. அவரால் பிழைப்பது தூரத்தில் உள்ள நகரம்!

இது விஞ்ஞானியின் குற்றம் அல்ல. பூமியின் வேகம் அப்படி. ஆனால், மலைவாசிக்கு நாம் கொடுக்க வேண்டியது என்ன என்ற கேள்வி இதனால் எழுகிறது.

கருவி சொன்ன உண்மைகள்

எச்சரிக்கை மட்டுமே கருவியின் வேலை அல்ல. "இந்த ஊரில் தரை எவ்வளவு ஆடியது? எந்த மண்ணில் அதிகம் ஆடியது?" என்று அது எழுதிவைக்கிறது. வீட்டை எவ்வளவு உறுதியாகக் கட்ட வேண்டும் என்பதை அந்தக் கணக்கிலிருந்துதான் எஞ்சினீயர்கள் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கு இந்தியாவுக்குப் புதிதல்ல. 1897-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி அஸ்ஸாமில் மாபெரும் பூகம்பம் வந்தது. மறு ஆண்டு கல்கத்தாவில் உள்ள அலிப்பூரில் கருவி வைத்தார்கள். 1899-ல் பம்பாயிலும், நம் கொடைக்கானலிலும் வைத்தார்கள். ஆம், இந்தியாவின் முதல் மூன்று பூகம்ப நிலையங்களில் ஒன்று கொடைக்கானல் மலையில் அமைந்தது! இன்று தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் கீழ் 150-க்கு மேற்பட்ட நிலையங்கள் நாடு முழுவதும் வேலை செய்கின்றன.

இடைக்காலத்தில் கருவிகள் பல உண்மைகளைக் கண்டுபிடித்தன. மகாராஷ்டிரத்தில் கொய்னா அணையில் தண்ணீர் தேங்கத் தொடங்கிய பிறகு, அந்தப் பக்கத்தில் அதிர்வுகள் உண்டாயின. கருவிகள் வைத்துக் கவனித்தார்கள். 1967-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி விடியுமுன் பெரிய பூகம்பமே வந்தது. ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். அணையில் நீர் ஏறி இறங்குவதற்கும் அதிர்வுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய முக்கிய இடங்களில் ஒன்று கொய்னா.

அதே மாநிலத்தில் லாத்தூர். "இங்கே பூகம்பம் வராது" என்று நினைத்திருந்த பூமி. 1993-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, ஊர் தூங்கிக்கொண்டிருந்த அதிகாலையில் பூமி ஆடியது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் மக்கள்மேல் சாய்ந்தன. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள்.

பூகம்பத்தின் வலுவைவிட, சுவரின் பலவீனம்தான் அவர்களைக் கொன்றது.

பள்ளிக்கூடச் சுவர்

2005-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி, காஷ்மீரில் பூகம்பம். காலை நேரம். பாகிஸ்தான் பக்கத்தில் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் இடிந்து விழுந்ததில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மாண்டுபோனார்கள்.

2015-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, நேபாளத்தில் பூகம்பம். சுமார் 9 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்கள் சேதமாயின. ஆனால், அன்று சனிக்கிழமை. அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை. வகுப்புகள் காலியாக இருந்தன. வேலை நாளாக இருந்திருந்தால்?

அதே நேபாளத்தில், காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்னாலேயே வலுப்படுத்தப்பட்ட பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்து நின்றன. பிறகு அவை மக்களுக்குப் புகலிடமாகவும் உதவின.

உத்தராகண்ட் மலைவாசிகளுக்கும் இந்த ஞானம் புதிதல்ல. கோட்டி பனால் என்ற ஊரின் பெயரால் வழங்கும் பழைய வீடுகள் அங்கே உண்டு. மரச் சட்டங்களையும் கல்லையும் அடுக்கடுக்காக மாற்றிப் பிணைத்துக் கட்டியவை. மாடி மேல் மாடியாக உயர்ந்து நிற்கும் அந்த வீடுகள் பல பூகம்பங்களைப் பார்த்தும் விழவில்லை. இன்று மரம் கிடைப்பது அரிது. சிமெண்டு வந்துவிட்டது. ஆனால், சிமெண்டு வீட்டைக் கம்பி சரியாகக் கட்டிக் கட்டாவிட்டால், அது பழைய வீட்டைவிட ஆபத்து.

செய்ய வேண்டியது என்ன?

கருவி வாங்கப் பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. நான்கு காரியங்கள் கூடவே நடக்க வேண்டும்.

முதலாவது, பராமரிப்பு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆண்டுதோறும் பேட்டரிக்கும் ஒயருக்கும் வேலிக்கும் பணம் வேண்டும். உறங்கிப்போன கருவி, இல்லாத கருவிக்குச் சமம்.

இரண்டாவது, காவல். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கிராமத்து மனிதருக்குச் சம்பளமும் பயிற்சியும் மதிப்பும் வேண்டும்.

மூன்றாவது, சங்கு. செல்போன் இல்லாத பாட்டிக்கும், வயலில் நிற்கும் உழவனுக்கும் எச்சரிக்கை எட்ட வேண்டும். பள்ளி, ஆஸ்பத்திரி, சந்தை, கோவில் ஆகிய இடங்களில் சங்கு ஊத வேண்டும். ஊதினால் என்ன செய்வது என்று ஒத்திகையும் நடக்க வேண்டும். பழகாத கூட்டத்துக்கு 30 விநாடி கிடைத்தாலும், படிக்கட்டில் நெரிசல்தான் மிஞ்சும்.

நான்காவதுதான் பெரியது. கருவி எழுதும் கணக்கு, டெல்லியில் உள்ள கணிப்பொறியோடு நின்றுவிடக்கூடாது. அது மலைக்குத் திரும்பி வர வேண்டும். உறுதியான பள்ளிக்கூடமாக, உறுதியான ஆஸ்பத்திரியாக, கம்பி சரியாகக் கட்டிய வீடாகத் திரும்பி வர வேண்டும். ஆறு விநாடியில் அலை வந்துவிடும் கிராமத்துக்கு அதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

மலைவாசி தன் நிலத்தில் ஒரு குழிக்கு இடம் கொடுக்கிறார். அதனால் நகரத்துக்கு ஒரு நிமிஷம் கிடைக்கிறது. அதற்கு ஈடாக அவர் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு விழாத சுவர் கிடைக்க வேண்டும். அதுதான் நியாயமான கணக்கு!